கண்ணாடியை மூடிய காலை

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் கை ஓடாது. இருபது வருடமாக முடி வெட்டுகிறார். வெட்டுகிற தலையை நேராகப் பார்ப்பதைவிட எதிரே உள்ள கண்ணாடியில் பார்ப்பதுதான் அதிகம். வலது கிருதாவுக்கும் இடது கிருதாவுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும் என்பார். கட்டிய மனைவி சொன்னால் நம்பமாட்டார், கண்ணாடி சொன்னால் நம்புவார்.

மேலே வீடு, கீழே சலூன். முன்னால் அவர் ஆண்களுக்கு வெட்டுவார், தடுப்புக்குப் பின்னால் நான் பெண்களுக்கு. ஒரு நாள் ட்ரையரைத் தூக்கிப் பிடித்தவர் பாதியிலேயே கீழே வைத்தார். "சூடாயிடுச்சு சார், கொஞ்சம் ஆறட்டும்" என்று வந்தவரிடம் புளுகினார். சூடாவதற்குத்தானே அந்தச் சனியன் இருக்கிறது? வந்தவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடுப்பு ஓரமாக எட்டிப் பார்த்தபோது அவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆயிரம் சாக்குச் சொன்னவரைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயதுப் பெண். முதுகுப் பக்கம் நின்று, தோளை அங்கங்கே அழுத்திப் பார்த்தார்.

"எப்பவும் கைய முன்னாடி நீட்டியே வேல செய்றீங்க. முன்பக்கம் இறுகிப் போச்சு, தோளோட பின்பக்கத் தசை சோம்பேறி ஆயிடுச்சு. அத எழுப்பணும்."

இரண்டு பயிற்சிகள் செய்துகாட்டினார். ஒன்று, முகத்தின் உயரத்தில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கைகள் விரிய, காதுப்பக்கம் வரை இழுப்பது. இன்னொன்று, முதுகு வளையாமல் இடுப்பை மடித்துக் குனிந்து, லேசான எடையோடு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு விரித்து மெதுவாக இறக்குவது.

"எடை முக்கியமில்ல. தோள் காதுகிட்ட ஏறக்கூடாது, கழுத்து முதுகோட நேரா இருக்கணும். ஆறு வாரம் செய்யுங்க. அப்பவும் சரியாகலேன்னா ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். ஆபரேஷன் வேணுமான்னு டாக்டர்தான் சொல்லணும்."

மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. ஆபரேஷன் என்ற ஒரு சொல் மட்டும் இவர் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தினமும் காலையில் கடை திறக்குமுன் கீழே போய்ச் செய்தார். நான் மேலே அடுப்படியில் இருப்பேன். ஒரு மாதம் ஓடிற்று. கை ஏறவில்லை. போதாக்குறைக்குக் கழுத்தும் பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் ஆளே திரும்பினார்.

"ஒழுங்கா செய்றீங்களா?"

"செய்யாம? வேர்த்துக் கொட்டுது. பலன்தான் இல்ல."

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மச்சான்கிட்ட பேசிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு முன் நாற்காலிய அவர் பாத்துக்கட்டும். நான் கல்லாவுல உக்காந்துக்கறேன்."

மச்சான் என்றால் என் நாத்தனார் வீட்டுக்காரர். அவரும் முடி வெட்டுகிறவர்தான், நல்ல மனுஷர்தான். ஆனால் கத்தரி இல்லாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இவரைப் பார்க்க என்னால் முடியாது. இவர் இரண்டே நாளில் நொந்துபோவார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் காலை அழுக்குத் துண்டுகளை எடுக்க வழக்கத்துக்கு மாறாகக் கீழே இறங்கினேன். முன்னறையில் இவர் இடுப்பை மடித்துக் குனிந்திருந்தார். இரண்டு கைகளிலும், நாங்கள் சின்ன பாட்டில்களில் ஊற்றிக்கொள்ளும் பெரிய ஷாம்பூ கேன்கள். தலை மட்டும், ஓட்டுக்குள்ளிருந்து ஆமை எட்டிப் பார்ப்பதுபோல, அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேன்கள் மேலே ஏற ஏறத் தோள்களும் காது வரை ஏறின. கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

"என்னங்க, எதப் பாக்கறீங்க?"

"கை ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வருதான்னு."

"அதுக்குக் கழுத்த முறிச்சுக்கணுமா?"

"பாக்காம எப்படித் தெரியும்?"

இத்தனை நாளும் கழுத்துதான் பாடுபட்டிருக்கிறது. பின்தோள் சுகமாகத் தூங்கியிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில், முடி வெட்டும்போது போர்த்தும் கறுப்புத் துணியை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டு மூடினேன். கேன்களைப் பிடுங்கி வைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்ன பாட்டில்கள் இரண்டைக் கையில் கொடுத்தேன்.

"இதுல என்ன இருக்கு?"

"தண்ணி. தூக்குங்க. கண்ணு தரையில இருக்கட்டும்."

குனிந்தார். "நாற்காலிக்கு அடியில முடி கெடக்கு. நேத்து யாரு பெருக்குனது?"

"நீங்கதான். தூக்குங்க."

வலது தோளின் பின்பக்கம் விரலை வைத்தேன். முதல் தடவை அங்கே ஒரு சலனமும் இல்லை, கழுத்துதான் துடித்துக்கொண்டு முன்னால் வந்தது. "கழுத்துக்கு இங்க என்ன வேல? என் விரல்கிட்டேர்ந்து தூக்குங்க" என்றேன். கண்ணாடி இல்லாமல் இருட்டில் விட்ட ஆள்போலத் தடுமாறினார். மெதுவாக, இன்னும் மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது விரலுக்கு அடியில் ஏதோ லேசாக இறுகியது. எலி அசைவதுபோலத்தான் இருந்தது, ஆனால் அசைந்தது.

"எரியுதும்மா."

"எங்க?"

"நீ விரல் வச்சிருக்க எடத்துல."

நான் தடுப்புக்குப் பின்னால் போய், தலை அலசும் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தத் தசை செத்துப்போகவில்லை, அதுபோதும் என்றிருந்தது.

பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "சலூன்காரர் கண்ணாடி முன்னாடிதான் செய்வாருன்னு எனக்குத் தோணியிருக்கணும். அவசரமில்ல, இன்னிக்கே முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்றார்.

அன்றிலிருந்து காலையில் அடுப்பை அணைத்துவிட்டு நானும் கீழே இறங்கினேன். துணி கண்ணாடிமேல், விரல் தோள்மேல். கழுத்துப் பிடிப்பு முதலில் விட்டது. பிறகு ஒரு நாள் மேல் தட்டிலிருந்த பவுடர் டப்பாவைத் தன்னையறியாமல் வலது கையால் எடுத்தார். எடுத்த பிறகுதான் கையைப் பார்த்தார்.

புதிதாக ஆரம்பித்த ஆறு வாரமும் முடிந்து மறுபடி போனபோது, பிசியோதெரபிஸ்ட் இவர் கையை நீட்டச் சொல்லி மேலிருந்து அழுத்தினார். கை இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா வந்திருக்கு. ஸ்கேன்லாம் வேண்டாம், பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க."

"அப்ப ஆபரேஷன்?" என்றார் இவர்.

"எதுக்கு?"

வெளியே வந்து தெருவிலேயே நின்று போன் போட்டார். "நாற்காலி காலி இல்ல மச்சான்." அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, இவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை நான் கீழே இறங்கவில்லை. இனி என் விரல் எதற்கு, இவருக்கே தெரியுமே என்று அடுப்படியிலேயே நின்றேன். கீழிருந்து குரல் வந்தது.

"வரலியா?"

"அதான் எந்தத் தசைன்னு தெரிஞ்சுபோச்சே உங்களுக்கு."

"தெரியுது. இருந்தாலும் வா."

அடுப்பை அணைத்துவிட்டு இறங்கினேன். கண்ணாடியை அவரே துணியால் மூடி வைத்திருந்தார்.