ஒன்றும் நடக்காததற்கு ஒரு மானியம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு நகராட்சி அலுவலகத் தாழ்வாரத்தில் கிடைத்தது. தெருக்குழாய் ஒழுகுகிறது என்று புகார் கொடுக்கப் போயிருந்தேன். அதிகாரி இதோ வந்துவிடுவார் என்றார்கள். அந்த 'இதோ' முடிவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

எதிர்ப் பெஞ்சின் ஒரு கோடியில் ஒரு பெண். மறு கோடியில் ஓர் ஆண். இருவருக்கும் ஒரே மூக்கு. அக்கா தம்பி என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம். இருவர் மடியிலும் ஒரே மாதிரி விண்ணப்பம்: இளைஞர்களிடையே அடிதடி, கத்திக்குத்து நடக்காமல் தடுக்கும் தொண்டு அமைப்புகளுக்கு நகராட்சி தரும் மானியத்துக்கு. ஊர்ச் சண்டையை விலக்குகிற இந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடடா என்று பேனாவை எடுத்துவிட்டேன். நான் கண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கத்தி மின்னியது. இரத்தம் பீறிட்டு…"

[அடித்துவிட்டேன். வீட்டுக்காரி படித்துவிட்டு, "யாராவது குத்து வாங்கினாத்தான் உங்களுக்குக் கதையா?" என்றாள். நியாயம்தானே. குத்து நடந்துவிட்டால் அக்கா தம்பி இருவர் பிழைப்பும் தோற்றது என்று அர்த்தம்.]

இரண்டாவது: "சமூகத்தின் விளிம்பில் தவிக்கும் இளைஞர்கள்…"

[இது கதை இல்லை, விண்ணப்பம். எழுதும்போதே கொட்டாவி வந்தது.]

சரி, நேராக அக்காவிடம் போகிறேன். அவள் தையல்காரி. ஜன்னல் திரை தைக்கும் கூடம் ஒன்று வைத்து, தெருவில் வெட்டியாகச் சுற்றும் பையன்களுக்குத் தொழில் சொல்லித் தருகிறாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் முட்டிக்கொண்டால் அறிவுரை கிடையாது. தைத்து முடித்த பெரிய திரையை அந்த இருவரும்தான் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. மடிக்க மடிக்கக் கிட்டே வந்துதான் ஆக வேண்டும். கடைசி மடிப்பில் கையும் கையும் தொடும். முறைத்துக்கொண்டு தொடங்குகிறவன் கொஞ்ச நேரத்தில் "நேரா பிடிடா" என்பான். பேச்சு வந்துவிட்டதா? அது போதும் அக்காவுக்கு.

3

தம்பி குத்துச்சண்டை மாஸ்டர். போன வருஷம்வரை அதே கூடத்தில்தான் இருந்தான். காலையில் திரை, மாலையில் கிளவுஸ்.

ஒரு நாள், ஓரிடத்தில் நிற்காததால் பம்பரம் என்று பெயர் வாங்கிய பையன், பைக்குள் கத்தி வைத்துக்கொண்டு வந்தான். அக்கா கண்ணில் பட்டுவிட்டது. கத்தியோடு வந்தவனுக்கு அங்கே மறுபடி இடம் கிடையாது.

"கத்தி வச்சிருக்கறவனை வெளிய அனுப்பிட்டு யாரைக்கா திருத்தப் போற? ஏற்கெனவே ஒழுங்கா இருக்கறவனையா?"

"மத்த பிள்ளைங்க உசுருக்கு நீ பொறுப்பா?"

"பொறுப்புதான்."

"அப்ப நீயே கூட்டிட்டுப் போ. ரெண்டு பேரும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க."

போய்விட்டான். தெருவின் மறுகோடியில் ஒரு தகர ஷெட் பிடித்தான். அதோடு பேச்சு முறிந்தது.

[யார் பக்கம் நியாயம்? அக்காவை எழுதும்போது அக்கா பக்கம். தம்பியை எழுதும்போது தம்பி பக்கம். என் பாடு மத்தளம் பாடு, இரண்டு பக்கமும் இடி.]

4

மானியக் குழுத் தலைவி இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். "ஒரு தெருவுக்கு ஒரு மானியம்தான். சேர்ந்து வந்தா பார்க்கலாம். தனித்தனின்னா ரெண்டு பேருக்கும் இல்ல. சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க."

மானியம் இல்லையென்றால் அடுத்த மாதம் கூடமும் மூடும், ஷெட்டும் மூடும். பையன்கள் மறுபடி தெருவுக்குத்தான். இருந்தும் தம்பியிடம் முதலில் பேச அக்காவுக்கு வாய் வரவில்லை.

தாழ்வாரத்தில், மாஸ்டரோடு வந்திருந்த பம்பரம் ஷெட்டின் துணிப் பேனரை உதறி விரித்தான்.

"மாஸ்டர், இதை மடிக்கணும்."

"நீயே மடிடா."

"தனியா மடிச்சா கசங்கிடும். அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க." பிறகு அக்கா பக்கம் திரும்பினான். "அந்த முனையைப் பிடிங்கக்கா."

[இங்கே எனக்குச் சந்தேகம். விரட்டியவளிடம் போய் ஒரு பையன் இப்படிக் கேட்பானா? வீட்டுக்காரி சொன்னாள்: "சண்டைக்காரப் பய எத்தனை திரை மடிச்சிருப்பான்! அது தைரியம் இல்லீங்க, பழக்கம்." அம்மணிக்கு ஒரு கும்பிடு.]

அக்கா ஒரு பக்கம் பிடித்தாள், மறுபக்கம் தம்பி. முதல் மடிப்பில் இருவரும் துணியை மட்டும் பார்த்தார்கள். அடுத்ததில் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"நேரா பிடிடா."

"நேராத்தான் இருக்கு. நீதான் கோணலா நிக்கற."

"வாயி மட்டும் குறையல."

கடைசி மடிப்பில் கை தொட்டது. அக்கா விடவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. "எனக்கு அன்னைக்குப் பயமா இருந்துச்சுடா," என்றாள்.

"எனக்கும்தான்க்கா."

5

சேர்ந்தே உள்ளே போனார்கள். தலைவி கேட்டார். "உங்க தெருவுல போன வருஷம் என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலைங்க," என்றாள் அக்கா.

"அப்புறம் எதுக்கு மானியம்?"

"ஒண்ணும் நடக்காம இருக்கறதுக்குத்தாங்க."

யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. "நீங்க இல்லேன்னா நடந்திருக்கும்ங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

அக்கா விண்ணப்பத் தாள்களைப் புரட்டித் தேடினாள். [நானும்தான். நடக்காததை எப்படிக் காட்டுவது? பேனாவை வைத்துவிட்டு…]

"நான்தாங்க," என்றது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல். பம்பரம்.

"அந்தக் கத்தி ஒருத்தனைக் குத்தறதுக்குத்தான் எடுத்து வச்சிருந்தேன். அக்கா வெளிய போடான்னதும் நேரா அவனைத் தேடிக் கிளம்பினேன். மாஸ்டர் பின்னாடியே ஓடி வந்தாரு. 'எனக்கும் அங்க இடமில்ல, இந்த மூட்டையைத் தூக்குடா'ன்னாரு. ரெண்டு கையிலயும் கிளவுஸ் மூட்டை. கத்தி எடுக்கக் கை இல்ல. ஷெட்டுக்கு வந்து இறக்கி வச்சதும் கத்தியை அவர்கிட்டயே குடுத்துட்டேன்." மூச்சு வாங்கினான். "அந்தப் பையன் இப்ப வண்டி ஓட்டக் கத்துக்கறான். அவனுக்கு இது எதுவுமே தெரியாது."

அக்காவுக்கும் தெரியாது. தான் மூடிய கதவுக்கு வெளியே யாரோ பெற்ற பிள்ளை பிழைத்திருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் எழுந்து அவனிடம் போனாள்.

"நாளைக்குக் காலையில கூடத்துக்கு வந்துடு."

"வரலாமாக்கா?"

"வான்னா வா."

6

முடிவு ஒன்று: மானியம் கிடைக்கிறது, மாலை, போட்டோ, கைதட்டல். ["சினிமா," என்றாள் வீட்டுக்காரி.]

முடிவு இரண்டு: கிடைக்கவில்லை. மூவரும் தலைகுனிந்து படியிறங்கி… ["பையன் பேசினதுக்கு இதுவா கூலி? கிழிச்சுப் போடுங்க."]

கிழித்துப் போட்டேன். அக்காவும் தம்பியும் சேர்ந்ததை யாராலும் மாற்ற முடியாது. நானே நினைத்தாலும் முடியாது. மானியம் என் கையில் இல்லை. குழு மேசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறேன். அது உங்களுக்கு. உட்காருங்கள்.

"குடுக்கலாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க," என்கிறார் தலைவி.

நான் எப்போதோ தூக்கிவிட்டேன். ஆனால் எழுதியவன் கை ஓட்டில் சேராதாம். குழுவின் ஓட்டு சரிபாதியாய் நிற்கிறது. எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.