ஆயாக் கொட்டகைத் தூக்கம்

தூக்கத்துக்கும் முகம் உண்டு. அது இந்தத் தம்பிக்குத் தெரியாது. பால் குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளை தூக்கத்திலும் ஏதோ வேலையாகத்தான் இருக்கும். உதட்டைச் சப்பும், விரலை மடக்கும், யாரையோ பார்த்துச் சிரிக்கும். இன்னொரு தூக்கம் இருக்கிறது. அதில் உடம்பைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் பிள்ளை மட்டும் எங்கேயோ போயிருக்கும்.

தாய்மார் வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கருப்பாயி இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்த ராஜசேகரனிடம், "என்ன கேட்டீங்க தம்பி?" என்றாள்.

அவன் அந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மைத்துனன். சிங்கப்பூரில் கல்லூரியில் படிக்கிறான். அபின் சட்டத்தையும் அதை மீறுகிற குற்றங்களையும் பற்றிக் கடைசி வருஷத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். ஒரு வாரமாகப் பாலோ ரயிலடிக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கக் கடை வாசலில் நின்று, பதிவுச் சீட்டைக் காட்டிச் சண்டு வாங்கிப் போகிற சீனர்களைக் கவனித்துக்கொண்டிருந்தான். சண்டு என்பது குழாயில் வைத்துப் புகைக்கிற, காய்ச்சிய அபின். இன்று கிராணி அவனைத் தோட்டத்துக்குள் அனுப்பியிருந்தார்.

"நம்ம ஆளுங்க யாராச்சும் சண்டு குடிக்கிறாங்களான்னு கேட்டேன்."

"கள்ளுக்குடிச்சே வீட்டுக்கு வழி தெரியாம அடுத்த லயத்துல போய்ப் படுத்துக்கறானுங்க. இதுல சண்டு வேறயா?"

அவன் சிரித்துக்கொண்டே எழுதினான். மணி பத்திருக்கும். மூடுபனி அன்று கலைய மனமில்லாமல் ரப்பர் மரங்களுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தது. கொட்டகைக்குச் சுவர் இல்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போட்ட மூங்கிலில் பன்னிரண்டு சேலைத் தொட்டில்கள் தொங்கின. காற்று வந்தால் பன்னிரண்டும் ஒரே பக்கம் சாயும். அந்த நேரத்தில் கொட்டகையே மெல்ல நகர்வதுபோல் கருப்பாயிக்குத் தோன்றும். கண்ணை மூடாமலே அவளும் கூடப் போவாள். நாற்பது வயதில் அவளுக்கென்று ஒரு பிள்ளை இல்லை. ஆனால் பன்னிரண்டு மூச்சும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியும். எது முந்துகிறது, எது பிந்துகிறது, எது அடுத்ததை இழுக்க மறந்து நிற்கிறது என்று அவள் காது சதா அளந்துகொண்டிருக்கும்.

ராஜசேகரன் எழுந்தபோது அவன் சப்பாத்து பட்டுத் தகர வாளி உருண்டது. சிமெண்டுத் தரையில் அது போட்ட சத்தத்தில் ஏழு பிள்ளைகள் வீறிட்டன.

"அலமாக்! மன்னிச்சுக்குங்க ஆயாம்மா."

"பரவால்ல. நீங்க ரெண்டு தொட்டில ஆட்டுங்க, நான் மத்தத பாக்கறேன்."

அவன் ஆட்டினான். அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. பிறகுதான் அவன் கை நின்றது. மிச்சம் ஐந்து தொட்டில்களைப் பார்த்தான். அவற்றில் ஒரு அசைவும் இல்லை. கடைசித் தொட்டிலில் குனிந்து, ராசம்மாவின் மகள் தனலெட்சுமியின் இமையை விரலால் லேசாகத் தூக்கினான். எட்டு மாதக் குழந்தை. கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"இது சண்டு" என்றான் மெதுவாக. "நீங்க குடுக்கறீங்களா?"

"நான் குடுக்கல."

கொடுப்பது தாய்மார்தான் என்று அவள் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மணி அடிக்கும். அங்கே பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களில் சிலர், அதற்கு முன்பே சீனத் தோட்டக்காரனின் சண்டுக் குழாயில் சுரண்டிய கரியைக் கடுகளவு தாய்ப்பாலில் குழைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவிவிடுவார்கள். பிள்ளை அழுதால் தாய்க்கு மார் கனக்கும். வெட்டின மரத்தை விட்டுவிட்டு ஓடி வருவாள். கங்காணி பார்த்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிக் கூலிதான்.

"சண்டு இல்ல தம்பி, கரிதான். எரிஞ்சு போனதுல என்ன இருக்கப்போவுது?"

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "கரியிலதான் வீரியம் அதிகம் ஆயாம்மா. புகையில போனது போக, மிச்சமெல்லாம் அதுலதான் தங்கும்."

கருப்பாயி மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். லயம் முழுக்க நம்பியதை அவளும் நம்பியிருந்தாள். போன மாதம் இதே தனலெட்சுமியின் உதடு நாவற்பழமாய்க் கறுத்தது. தோளில் போட்டுக்கொண்டு, காதில் ஊதி ஊதி, உச்சி வெயில்வரை நடந்தாள். பிள்ளை திரும்பி வந்தது. ராசம்மா அழுது, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். மூன்று நாள் பிள்ளை கத்தியது. மூன்று நாளும் கங்காணி கத்தினான். நாலாம் நாள் விடியலில் ராசம்மா தூங்குகிற பிள்ளையை நீட்டி, "இன்னிக்கு மகராணி அழமாட்டா, நீங்களும் கொஞ்சம் குறட்ட விடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கருப்பாயியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த அஞ்சு பேரோட அம்மா யாரு யாருன்னு சொல்லுங்க" என்றான் ராஜசேகரன். அவன் குரலில் நிஜமான பதைப்பு இருந்தது. "சீட்டு இல்லாதவங்க இத வச்சிருந்தாலே குத்தம். சட்டம் ஆம்பளைங்களத்தான் பாக்குது, இப்படி ஒண்ணு நடக்குதுன்னே அதுக்குத் தெரியாது. நேர்ல பாத்தவங்க பேரோட சொன்னாத்தான் நம்புவாங்க. இந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் கேக்கறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. யாராவது வந்து இதை நிறுத்தமாட்டார்களா என்று அவளே எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. ராசம்மாவின் பேர் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"சொன்னா அவங்கள என்ன செய்வாங்க?"

அவன் தயங்கினான். "அபராதம் போடலாம். ஜெயில்னும் இருக்கு. தொரை வேலைய விட்டு நிறுத்திட்டா... எனக்குச் சரியாத் தெரியல."

ரப்பர் விலை விழுந்து, வேண்டாத ஆளைத் தோட்டம் ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அவனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணுக்குப் பனியில் ஒரு கப்பல் தளம் விரிந்தது. அதில் ராசம்மா மடியில் பிள்ளையோடு குந்தியிருந்தாள். பிள்ளை விழித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் ஒண்ணு சொன்னா எழுதுவீங்களா?"

"சொல்லுங்க."

"ஒம்பது மணிக்கு ஒரு தடவ, மரத்துப் பால் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, பால் குடுக்கற தாய்மாருங்கள இங்க வரவிடச் சொல்லுங்க. பேர வெட்டாம. அப்புறம் கரிய யாரு தேடப்போறா?"

பென்சில் தாளில் இறங்கவில்லை. "அது கூலிச் சட்டம் ஆயாம்மா. என் பாடம் அபின். அது இதுல வராது."

அவன் அதைக் கூச்சத்தோடுதான் சொன்னான். கருப்பாயிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இந்தப் பிள்ளை கெட்டிக்காரன், நல்லவன்கூட. இவன் பாடத்தில் தாய் வருகிறாள், பிள்ளை வருகிறது, இரண்டுக்கும் நடுவே நிற்கிற அந்தப் பெரட்டு மணி மட்டும் வரவில்லை. கரியைப் பற்றி இவன் சொன்னதை இன்றைக்கே ஐந்து வீட்டு வாசலிலும் போய்ச் சொல்லவேண்டும். நாளை பன்னிரண்டும் சேர்ந்து கத்தும். கத்தட்டும். கங்காணி கேட்டால் அவளைக் கேட்கட்டும்.

"பேரு மட்டும் போதும்" என்றான் ராஜசேகரன், புதுப் பக்கத்தைத் திருப்பி. "அஞ்சே அஞ்சு பேரு."

பனி கொட்டகைக்குள்ளும் வரத் தொடங்கியிருந்தது. ஐந்து தொட்டில்களும் அதில் பாதி மறைந்து தெரிந்தன. அவள் அவற்றை ஒருமுறை பார்த்தாள்.

"கரி விஷம்னு சொன்னீங்களே, அதுக்குப் புண்ணியமாப் போவும் உங்களுக்கு" என்றாள். "பேரு சொல்லமாட்டேன் தம்பி."