எந்தப் புள்ளியை நிறுத்துவது

கொரோனா ஊரடங்கில் மலேசியத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று போனில் கேட்டு, சசிரேகா தன் பல்கலைக்கழக ஆய்வுக்காகக் கணினியில் ஆளுக்கொரு புள்ளி வைத்திருந்தாள். கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டிவரும் காளியண்ணனிடம் மட்டும் அவள் சிரித்துப் பேசுகிறாள் என்று அவள் புருஷன் ரூபனுக்கு வயிறு எரிந்தது.

“ஒருத்தர வீட்டுலயே இருக்க வச்சா நோய் எவ்ளோ கொறையும்னு பாக்கணும்,” என்றாள்.

“காளியண்ணன நிறுத்துலா,” என்றான்.

நிறுத்தினாள். அவன் காய்கறிப் பையை வாசலில் வைத்துவிட்டு, யாரையும் நெருங்காமல் போகிறவன். திரையில் நோய் பரவலைக் காட்டும் கோடு அசையவே இல்லை. வேறொரு புள்ளியை நிறுத்தினாள். கோடு பாதியாகச் சரிந்தது.

இன்னொருத்தன் வேறா என்று கொதித்தான் ரூபன். “யாரு அது?”

“நீங்கதான். காளியண்ணன் வந்தாரான்னு தெனமும் வீடு வீடாப் போய் விசாரிச்சிருக்கீங்க. யாரப் பாத்தீங்கன்னு கேட்டா, எல்லா வீட்டுலயும் உங்க பேரத்தான் சொன்னாங்க.”