சாமி நிற்கிற வாசல்கள்

பல்லக்குத் தண்டில் என் மச்சான் பஞ்சாட்சரத்துக்கு அடுத்த ஆள் நான். எங்கள் தெருவில் உயரம் பார்த்துத்தான் சாமி தூக்க நிறுத்துவார்கள். அறிவு பார்த்து நிறுத்துவதென்றால் முருகன் கோயிலை விட்டு வெளியே வந்திருக்கவே முடியாது. மச்சானின் தோள் இறங்கினால் அவர் பாரம் என் தோளில் ஏறும். ஆகவே அவர் உடம்பைப் பற்றி எனக்கிருந்த அக்கறையில் பாசம் பாதி, பயம் பாதி.

அந்தப் பயம் போன வருஷம் பங்குனி உத்திரத்தன்று பலித்துவிட்டது. கிணற்று முனையில் திரும்பும்போது மச்சானுக்கு மூச்சு வாங்கி, முழங்கால் மடங்கி, பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓடி வந்து தாங்கினார்கள். சாமிக்கு மாலை நழுவியதோடு சரி. விழாக்குழு மாணிக்கவாசகம் நயமாகத்தான் சொன்னார்.

"அடுத்த உத்திரம் வரைக்கும் பாப்போம்பா. முடியலன்னா எடத்த வுட்டுடு. இதுல அவமானம் ஒண்ணும் இல்ல."

அவமானம் இல்லை என்று ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால் அது அவமானம்தான். மச்சான் வீட்டுக்கு வந்து தறிக்குழியில் இறங்கியவர், சோறு தின்னக்கூட மேலே வரவில்லை.

என் தங்கை கமலவேணி அவரைச் சின்ன காஞ்சிபுரத்தில் டாக்டர் ப்ரியங்காவிடம் அழைத்துப்போனாள். துணைக்கு நானும் போனேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை எல்லாம் சேர்ந்தே இருந்தன.

"தினமும் நடங்க" என்றார் டாக்டர். "தனியா நடந்தா ஒரே வாரத்துல விட்டுடுவீங்க. வீட்டையே கூட்டிக்கிட்டு நடங்க."

மச்சான் சிரித்தார். "காலையில குழியில எறங்கினா பொழுது சாயற வரைக்கும் காலு மிதிச்சிக்கினேதான் இருக்குது. இதுக்கு மேல இன்னாமா நடக்கிறது?"

"கால் உழைக்குதுங்க. ஆனா நீங்க உக்காந்துதானே இருக்கீங்க?"

இது எங்கள் தெருவில் யாருக்கும் புரியாத விஷயம். இடுப்பளவு குழியில் காலைத் தொங்கவிட்டு, மிதிப்பலகையை மாற்றி மாற்றி மிதித்தபடி பட்டு நெய்கிறவனிடம் போய் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்றால் கோபம்தான் வரும். மச்சானுக்கும் வந்தது. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அப்போதுதான் கலியாணசுந்தரம் எங்களை உய்விக்க வந்தார். பட்டுக்கடை வைத்திருப்பவர்; அதைவிட முக்கியமாக, நல்வாழ்வு நடைச் சங்கத்தின் தலைவர். மைதானத்தில் நடப்பதற்காகத் தினமும் காரில் போவார். தெருமுனை பேனரில் அவர் ஓடிக்கொண்டிருப்பார். அந்தப் படத்துக்காக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றவர் சாயாமலிருக்க, பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். புகைப்படக்காரர்தான் சொன்னார்.

'குடும்பமாய் நடப்போம்' என்று தலைவர் ஒரு போட்டி அறிவித்தார். நடையைக் கணக்கெடுக்கும் செயலியைச் செல்போனில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் அதிகம் நடந்தவருக்குப் பட்டம். மச்சானின் மகள் சங்கரி அப்பா போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தாள். மச்சான் போனைத் துண்டில் சுற்றிக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினார்.

"நடக்கிறது போனுதாங்க, நீங்க இல்ல" என்றாள் கமலவேணி.

"காலு என்னுதுதானே?" என்றார் மச்சான். ஏமாற்றுகிற எண்ணமே அவருக்கு இல்லை. அந்த டாக்டருக்குப் பதில் சொல்கிறோம் என்றுதான் மனதார நம்பினார்.

மாதம் முடிந்தபோது, செயலியின் கணக்குப்படி மச்சான் திருப்பதிக்குப் போய்த் திரும்பி, வழியில் வேலூரையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். தலைவர் அவருக்குத் துண்டு போர்த்தி 'நடைவேந்தர்' என்று பட்டம் சூட்டினார். ஞாயிறு காலை திருப்பருத்திக்குன்றம் வரை நடைபயணம். நடைவேந்தர் முன்னே செல்வார், நகரமே பின்னே வரும்.

நகரத்தில் ஒரு தெரு வந்திருந்தது. தலைவர் திறந்த ஜீப்பில் மைக்கோடு நின்றார். வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு மண் இல்லை. ஜீப் கிளம்பியது, நாங்கள் நடந்தோம். கிணற்று முனை வந்ததும் மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். எந்த இடத்தில் சாமி சாய்ந்ததோ அதே இடம். ஜீப் நிற்கவில்லை. "நமது நடைவேந்தர் புயலெனப் பின்னால் வருகிறார்!" என்ற குரல் தேய்ந்துகொண்டே போனது. புயல் தண்ணீர் கேட்டது. கூட வந்தவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இட்லி ஆறுவதற்குள் வீட்டுக்குப் போனார்கள்.

மச்சான் தோளில் கிடந்த பட்டத்துண்டை எடுத்து மடித்தார். "எடத்த வுட்டுடறேன்மா. உங்கண்ணன் இனிமே வேற யாரு பின்னாலயாச்சும் நிக்கட்டும்."

கமலவேணி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோயில்ல கிளம்பி இங்க வர்றதுக்குள்ள சாமி எங்கெங்க நிக்குது?"

"மண்டகப்படி வாசல்ல எல்லாம் நிக்குது. தேங்காய் உடைக்கணும், கற்பூரம் காட்டணும்."

"சாமியே வாசலுக்கு வாசல் நின்னு நின்னுதான் வருது. நீங்க மட்டும் ஒரே மூச்சுல போவணும்னு யாரு சொன்னது?"

மறுநாள் விடிந்ததும் கோயில் வாசலில் ஆரம்பித்து, சாமி போகிற வழியில், சாமி நிற்கிற இடமெல்லாம் நின்று நடந்தோம். நாலே பேர்: மச்சான், கமலவேணி, சங்கரி, நான். முதல் மண்டகப்படி மங்கையர்க்கரசி வீடு. நாங்கள் நிற்பதைப் பார்த்து அந்த அம்மாள் கோலமாவுக் கையோடு பதறினாள்.

"இன்னாடி கமலா, காலங்கார்த்தால? யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலக்கா. இது சாமி நிக்கிற வாசலு. நாங்களும் நிக்கிறோம்."

"உங்க வூட்டுக்காரரும் சாமியும் ஒண்ணா?"

"தூக்குறது கஷ்டம்னு பாத்தா ஒண்ணுதான்."

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மண்டகப்படி வீட்டார் சாமியை அப்படியே அனுப்பிவிட மாட்டார்கள். அடுத்த வாசல் வரை கூடவே நடந்து விட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். மங்கையர்க்கரசி சிரித்துக்கொண்டே அடுத்த வாசல் வரை வந்தாள். அங்கிருந்து அந்த வீட்டுக் கண்ணாயிரம் பேரனோடு வந்தார். கொண்டுவிட வந்தவர்கள் பேச்சு முடியாததால் திரும்ப மறந்தார்கள். எங்கள் தெருவில் பேச்சு முடிந்து நான் பார்த்ததில்லை.

மச்சானுக்கு இது தோதாக இருந்தது. மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு வாசல் வந்துவிடும். நின்றால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, சாமி நிற்கிற இடம்தானே. ஐப்பசி மழையில் குடையோடு நடந்தோம். மார்கழியில் தறிக்குப் போகிற வீடுகள் எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் குழியில் இறங்கின. கிணற்று முனையை மச்சான் எப்போது நிற்காமல் தாண்டினார் என்று யாரும் கவனிக்கவில்லை. தை பிறந்ததும் கோயிலிலிருந்து வெறும் தண்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டோம்.

கிணற்று முனைக்கு அடுத்த மண்டகப்படி கலியாணசுந்தரம் வீடு. முதலில் மாடியிலிருந்து கையசைத்து வாழ்த்தினார். பிறகு எங்களை வழிநடத்த மைக்கோடு இறங்கினார்.

"மைக்க வெச்சிட்டு வாங்கண்ணா" என்றாள் கமலவேணி.

வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாசலுக்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. மச்சான்தான் முதலில் நின்றார், அவருக்காக. மறுநாள் தலைவர் பழைய செருப்போடு வந்தார். காரும் ஓய்வெடுக்க ஆரம்பித்தது.

இந்த உத்திரத்துக்கு மாணிக்கவாசகம் ஒன்றும் கேட்கவில்லை. மச்சானை அவர் இடத்தில் நிறுத்தினார். நான் பின்னால். மேளம் கிளம்பியது. கிணற்று முனை நெருங்க நெருங்க தோளை அந்தப் பாரத்துக்குத் தயாராக்கிப் பல்லைக் கடித்தேன். பல்லக்கு திரும்பியது. முன்னால் அந்த முதுகு நிமிர்ந்தே இருந்தது. என் பங்கு மட்டும்தான் என் தோளில் இருந்தது. இத்தனை வருஷத்தில் முருகனிடம் நான் எதுவும் வேண்டாமல் கும்பிட்டது அந்த முனையில்தான்.

கலியாணசுந்தரம் வாசலில் முட்டுக்கட்டை கொடுத்துப் பல்லக்கை நிறுத்தினோம். அவர் தேங்காய்த் தட்டோடு வெறுங்காலில் நின்றார். மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவரைக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றி தலைவரே."

"எதுக்குபா?"

"அன்னிக்கி நான் உக்காந்தப்ப நீங்க ஜீப்ப நிறுத்தாம போனீங்களே, அதுக்குத்தான். நிறுத்தியிருந்தா ஏறிட்டிருப்பேன்."

தலைவர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பாராட்டுதான். கற்பூரம் அணைந்ததும், வழக்கப்படி, அடுத்த வாசல் வரை சாமியோடு நடந்தார். அங்கேயும் நின்றுவிடவில்லை; சாமி கிளம்பியதும் கூடவே போனார்.