பூபாலன் வாங்கி வந்த டமாஸ்கஸ் கத்தி

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மெஸ் நடத்தும் அகல்யாவிடம் ஒரு கத்தி இருக்கிறது. அவள் கணவன் பூபாலன் மஸ்கட்டில் ஓட்டல் சமையல்காரனாக இருந்தபோது வாங்கி வந்தது. மணிமுத்தாற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம்போல் அலகு முழுக்க வரிகள். "டமாஸ்கஸ் எஃகு இது. ராஜாக்கள் வாளெல்லாம் இதுலதான்" என்று தெருவெல்லாம் காட்டினான். போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

ஆடியில் ஒரு நாள், மெஸ்ஸில் சாப்பிட வந்த ஒருவர் கத்தியைப் பார்த்து, "இதெல்லாம் மேல அச்சடிச்ச கோடும்மா" என்றார். அன்றிலிருந்து அகல்யாவுக்கு மனசு ஆறவில்லை. பூபாலனோடு மஸ்கட்டில் ஒரே அடுப்படியில் வேலை பார்த்த பிரபாகரன் லீவில் வந்தபோது, கத்தியை அவனிடம் நீட்டினாள்.

"நெசமானதுன்னா ரெண்டு வகை எஃக அடுக்கி, காய்ச்சி அடிச்சிருப்பாங்க அண்ணி. வரி உள்ள வரைக்கும் ஓடும். தேய்ச்சு அழிச்சாலும் புளிப்பு பட்டா திரும்ப எழும்பும். தேய்ச்சுப் பாக்கட்டுமா?"

"பாருங்க தம்பி."

பிடியோரம் ஒரு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தான். வரி அழிந்து பளபளத்தது. சூடான வினிகரில் நனைத்த துணியை அங்கே சுற்றி வைத்தான். இருவரும் டீ குடித்தார்கள். அது முடிந்து இன்னொரு டீயும் குடித்தார்கள். துணியைப் பிரித்தபோது அந்த இடம் சாம்பல் பூத்து மங்கியிருந்தது. வரி ஒன்றுகூட இல்லை.

பிரபாகரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. டீ குடித்த பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகில்லாத விளிம்பில் கத்தியை மாற்றி மாற்றி இழுத்துத் தீட்டினான். ஒரு தக்காளி மேல் வைத்தான். அழுத்தாமலே இறங்கியது.

"இரும்பு நல்ல இரும்பு அண்ணி. கோடுதான் பொய்."

அகல்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"அவரு எதத்தான் ஏமாறாம வாங்கியிருக்காரு? இங்க வாங்க."

கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். "சேத்தியாத்தோப்பு சந்தையில குட்டத் தென்னைன்னு சொல்லி வாங்கியாந்தாரு. நின்னுகிட்டே காய் பறிக்கலாம், பாத்துகிட்டே இருன்னாரு."

பிரபாகரன் அண்ணாந்து பார்த்தான். மட்டைகள் பக்கத்து மாடி வீட்டுக்கும் மேலே அசைந்துகொண்டிருந்தன. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

"எளநீ குடிக்கிறீங்களா தம்பி?" என்றாள் அகல்யா. "ஏறத்தான் ஆளில்ல."