இரண்டு விநாடி பாக்கி

தலிசாய் ஊரின் கூடைப்பந்துக் களத்தில், வடக்கு வளையத்துக்கு இரண்டு முழம் மேலே, ஒரு பந்து பதினாறு வருடங்களாக அந்தரத்தில் நிற்கிறது. அதற்குக் காரணம், கடிகார மேசையில் உட்கார்ந்திருந்த பெர்லித்தா. திருவிழாவின் இறுதி ஆட்டம். மீனவர் அணிக்கும் டிரைசிக்கிள் ஓட்டுபவர்கள் அணிக்கும். பரிசு ஒரு பன்றி. டிரைசிக்கிள்காரர்கள் ஒரு புள்ளி முன்னால். பாக்கி இரண்டே விநாடி இருக்கும்போது மீனவர் அணியின் எல்மோ பந்தை வாங்கினான். மறுநாள் காலை அவன் கப்பல் வேலைக்குப் போகிறவன். அவனையே பார்த்துக்கொண்டிருந்த பெர்லித்தா பொத்தானை அழுத்த மறந்துபோனாள். அவன் ஒருத்தனைத் தாண்டி, எம்பி, பந்தை விட்டான், கடிகாரம் அசையவேயில்லை. நடுவர் துரிங் விசிலை ஊதினார். பந்து அப்படியே நின்றது. கூடை செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் அது மட்டும் என்ன செய்யும், பாவம்!

துரிங் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கடிகாரத் தவறைத் திருத்தலாம், ஆனால் எத்தனை விநாடி கழிந்தது என்று நடுவருக்கு உறுதியாகத் தெரிய வேண்டும், ஊகம் கூடாது என்றிருந்தது. அவருக்கோ நடுவில் இருமல் வந்து எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.

"நீ எண்ணினியா, இண்டாய்?" என்று பெர்லித்தாவைக் கேட்டார். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளை எல்லோரும் இண்டாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எண்ணியிருந்தாள். படிக்கட்டைக்கூட எண்ணி ஏறுகிறவள் அவள். பந்து அவன் கையை விட்டபோது மூன்று. அதைச் சொன்னால் ஆட்டம் முடிந்துவிடும். அவன் திரும்பி வர ஒரு காரணமும் இருக்காது.

"தெரியல, அண்ணே."

"அப்ப நான் வந்து முடிச்சுத் தர்றேன். யாரும் பந்தைத் தொடாதீங்க!" என்றான் எல்மோ. ஊருக்கே பொதுவாகச் சொன்ன அந்த வார்த்தையைப் பெர்லித்தா தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

முதல் வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். வேர்க்கடலை நன்றாக விற்றது. அப்புறம் வரவில்லை. ஒரு புயல் களத்துக் கூரையைக் கொண்டுபோனது, பந்தை விட்டுவிட்டது. பரிசுப் பன்றி யாருக்கும் சொந்தமில்லாமல் கொழுத்து, கிழடாகி, தானே செத்தது. இப்போது அதன் பேத்தியை வளர்க்கிறார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம் பெர்லித்தா, "ஆட்டம் முடியட்டும்" என்றாள். மாதம் ஒருமுறை நீள மூங்கிலில் கட்டிய துடைப்பத்தால் பந்தின் தூசியைத் தட்டினாள். ஏதேதோ துறைமுகங்களிலிருந்து அவனுடைய தபால் அட்டைகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி: பந்து இருக்கா? அவளும் ஒரே சொல்லில் பதில் போட்டாள்: இருக்கு. அதற்குள் எத்தனையோ எழுத ஆசைப்பட்டாள். பிறகு நான்கு வருடம் அட்டையே இல்லை. அந்த நான்கு வருடமும் தூசி தட்டுவதை மட்டும் அவள் விடவில்லை.

போன திருவிழாவுக்கு எல்மோ வந்து நின்றான். முன்நெற்றி வழுக்கை, ஒரு முழங்கால் மடங்காது. திங்கட்கிழமை திரும்பக் கப்பல் என்றான். இனியும் பொய்யைத் தூக்கிச் சுமக்க அவளால் முடியவில்லை. ஊர் முழுக்கக் கேட்க எழுந்து சொன்னாள்:

"நான் எண்ணினேன். மூணு. கூடை செல்லாது."

எல்மோ சிரித்தான். "எனக்குத் தெரியாதா? நானும்தான் எண்ணினேன்."

"அடப்பாவி!" என்று கத்தினான் டிரைசிக்கிள் அணித் தலைவன். "அப்ப பன்னி எங்களுக்குத்தானே?"

எல்லோரும் துரிங்கைப் பார்த்தார்கள். கிழவர் புத்தகத்தைப் பிரித்து, நிதானமாகப் படித்து, மூடினார்.

"நடுவருக்கு உறுதியாத் தெரியணும்னு போட்டிருக்கு. இதுங்க ரெண்டுக்கும் தெரிஞ்சா ஆச்சா? எனக்குத் தெரியல. ஆட்டம் முடியல." விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு எல்மோவைப் பார்த்து, "ஆட்டம் நடக்கும்போது களத்தை விட்டுப் போறதும் தப்புதான். போன தடவை கவனிக்காம விட்டுட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை துறைமுகத்துக்குப் போகும் பஸ் வந்தது, போனது. இப்போது பந்தைத் துடைப்பது எல்மோ; அவன் உயரம், துடைப்பத்துக்கு மூங்கில் தேவையில்லை. பிள்ளைகள் தெற்கு வளையத்தில் விளையாடுகிறார்கள்.