இரண்டு கையால் கொடுத்தது

இப்போதெல்லாம் ஒரு நாட்டில் கால் வைக்காமலேயே அந்த நாட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பேசுகிறவர்களுக்கு வாய் வலிப்பதில்லை, கேட்கிறவனுக்குத்தான் காது வலிக்கிறது. என் வீட்டிலேயே அப்படி இரண்டு பேர். சின்னவள், என் மகள், போனில் கொரியா நாடகம் பார்த்துப் பார்த்து, அந்த ஊர் ஆம்பளைகள் எல்லாரும் மழை வந்தால் குடை பிடிப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். பெரியவன், அவள் அண்ணன், கொரியாக்காரன் கம்பெனியில் கார் கதவுக்கு ரப்பர் பொருத்துகிறவன். அவனைக் கேட்டால், அந்த ஊர்க்காரனுக்கு நெஞ்சுக்குள் இருப்பது கடிகாரம் என்பான். ஒன்றுக்குப் போக ஐந்து நிமிஷம் கேட்டால் நாலரை கொடுப்பானாம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் இரண்டும் மல்லுக்கு நிற்கும். நடுவில் நான். அதே கம்பெனி மேனேஜருக்கு ஒன்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். எனக்கு அந்த நாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஒரே ஒரு ஆளைத் தெரியும், அதுவும் என் முதுகால்தான் தெரியும்.

பின்னால் இருப்பவர் முகம் தெரியாதபடி கண்ணாடியைச் சற்றுத் தூக்கி வைப்பது என் பழக்கம். ரோடு தெரிந்தால் போதும். ஆனால் சத்தத்தைத் தூக்கி வைக்க முடியாதே. தலைமை ஆபீசிலிருந்து போன் வந்தால் சீட்டு கிறீச்சிடும். பார்க்க ஆளில்லாத இடத்திலும் அவர் போனுக்குக் குனிந்து குனிந்து நிமிர்வார். ஒரு போனுக்கு ஏழெட்டுத் தடவை. அவர் வீட்டு வாசலுக்கு வந்தபிறகும் உடனே இறங்க மாட்டார். "பத்து நிமிஷம்" என்பார். ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றும் கேட்காது. பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் அந்த ஊரில். மேலே போனால் விளக்குப் போடக்கூட ஆளில்லை. நான் வண்டியை அணைத்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதைச் சின்னவளிடம் சொன்னால் ஐயோ பாவம் என்று உருகுவாள். பெரியவனிடம் சொன்னால் நல்லா வேணும் என்பான். அதனால் இரண்டு பேரிடமும் சொன்னதில்லை.

சின்னவளுக்கு அங்கே ஒரு மொழிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்தைத் தெரிந்த அந்த நாட்டுக்காரர் ஒருவர் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சனிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் இடம் போய்விடும். இதை நம்பி மருந்துக் கடை வேலையை வேறு விட்டிருந்தாள். "ஒரே ஒரு கையெழுத்துப்பா" என்று ஒரு மாதமாக என் பின்னாலேயே சுற்றினாள். ஒன்பது வருஷத்தில் நான் அந்த மனிதரிடம் ஒரு நாள் லீவு கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. நான் தள்ளிப் போட்டதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அவர் முடியாது என்றுவிட்டால் நல்லது என்று எனக்கு இருந்தது. ஆனால் கேட்காமலே விட்டால் காலத்துக்கும் என்னைச் சொல்லிக் காட்டுவாள்.

வியாழக்கிழமை காலையில் விண்ணப்பத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். "ரெண்டு கையாலயும் குடுக்கணும்ப்பா. ஒரு கையால நீட்டினா மரியாதை தெரியாதவங்கன்னு நெனச்சுப்பாங்க."

"காலையும் சேத்து நீட்டுங்கப்பா, இன்னும் மரியாதையா இருக்கும்" என்றான் பெரியவன்.

அன்று சாயங்காலம் வழியெல்லாம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் கேட்கலாம் என்றால், அந்தப் பத்து நிமிஷம் அவருடையது, அதில் புகக்கூடாது. பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. இப்போது விட்டால் இல்லை என்று உறையை எடுத்தேன். இடுப்பை வளைத்துப் பின்னால் திரும்பி, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினேன். உடம்பு திரும்பியதில் பிரேக்கிலிருந்து கால் எழும்பியதை நான் கவனிக்கவில்லை. கியர் தானாக மாறுகிற வண்டி. மெல்ல ஊர்ந்து போய் முன்னால் நின்ற தண்ணீர் கேன் வேனில் முட்டியது. நாற்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிடாத கை என்னுடையது. வேன்காரன் இறங்கி வந்து, என் வயசையும் கண் பார்வையையும் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவன் வண்டிக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரு விளக்கு போயிருந்தது.

மேனேஜர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார்.

"யார் சொன்னது, ரெண்டு கை?"

"என் பொண்ணு சார். உங்க ஊர்ல அப்படித்தானாம்."

ஒன்பது வருஷத்தில் கேட்காத சத்தம் பின்னாலிருந்து வந்தது. சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமானது.

"எங்க ஊர்ல டிரைவர் ரெண்டு கை விட்டா, எல்லாரும் ஆஸ்பத்திரி" என்றார். அப்புறம் உறையைப் பிரிக்கும் சத்தம். சின்னவளுக்குக் கடிதம் வேண்டும் என்பதைச் சொன்னேன். ஏன் அங்கே போக ஆசைப்படுகிறாள் என்று கேட்டார். அங்கே மனுஷனுக்கு மனுஷன் மரியாதை கொடுப்பார்களாம் என்று அவள் சொன்னதையே சொன்னேன். தாளை மறுபடி உறைக்குள் நுழைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க வீடு, எல்லாரும் ஒண்ணா சாப்பாடு. சிரிப்பு. சண்டை இல்ல. உங்க ஆளுங்க எல்லாம் அப்படி. எனக்குத் தெரியும். அத விட்டு ஏன் போறா?"

என் வீட்டு வாசப்படியை அவர் மிதித்ததில்லை. எங்கள் தட்டுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்ததில்லை. இவரும் எங்களை வைத்து ஏதோ நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். "ஆமா சார்" என்று மட்டும் சொன்னேன். சிக்னல் மறுபடியும் பச்சையானது.

மறுநாள் மதியம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு கையில் போன், குனிந்துகொண்டிருந்தார். மறு கையால் இரண்டு தாளை நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஒன்று சின்னவளுக்கான கடிதம். இன்னொன்று விபத்து அறிக்கை. வீட்டுக்கு வந்து சின்னவள்தான் படித்துச் சொன்னாள். கடிதத்தில், இந்தப் பெண்ணின் தகப்பனார் மிகவும் கவனமான மனிதர் என்று இருந்தது. அறிக்கையில், டிரைவரின் கவனக்குறைவு, ஏழு நாள் வண்டி எடுக்கக்கூடாது. ஒரே பேனா, ஒரே தேதி.

"பாத்தியா, எவ்ளோ நல்ல மனசு" என்றாள் அவள்.

"வயசானவர ஏழு நாள் உக்கார வெச்சிருக்கான். நல்ல மனசாம்" என்றான் அவன்.

நான் கவனமில்லாமல் இருந்தது நிஜம். அதை எழுதக்கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதாமல் இருந்திருந்தாலும் தப்பாகத் தோன்றியிருக்காது. இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நீங்கதானே அந்த ஆளோட இருக்கீங்க, எப்படிப்பட்டவன், சொல்லுங்க என்றான் பெரியவன். சின்னவள் அதைக் கேட்கவில்லை. கடிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "போகட்டுமாப்பா?" என்றாள்.

"அதான் வாங்கிக் குடுத்துட்டேன்ல" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் மேலே மாடித் தடுப்பில் தொப் தொப்பென்று சத்தம். சின்னவள் பரணிலிருந்த பெரிய பெட்டியை இறக்கி, கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பல வருஷத்துத் தூசி. வெயிலில் புகை மாதிரி இறங்கி என் தோளிலும் தலையிலும் விழுந்தது. "அப்பா, தள்ளிப் போங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. அந்த ஊர் நல்ல ஊரா, பொல்லாத ஊரா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தட்டி விட்டுக்கொண்டே தள்ளிப் போனேன்.